எக்கோ பெட்டி வாங்கப் போகிற தம்பிகளுக்கு

எங்கள் பக்கத்தில் ஒலியை மாற்றுகிற கருவி எதுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான்: எக்கோ. காவேரிப்பட்டணத்தில் பதினான்கு ஆண்டுகள் மைக்செட் வைத்திருந்தேன். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என எதற்குப் பேச வந்தாலும் "செட்டில் எக்கோ இருக்கிறதா?" என்றுதான் தொடங்குவார்கள். இப்போது வீட்டுக்குப் பின்னால் மாங்கூழ் டப்பாக்கள் அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து, தெருக்கூத்துப் பாட்டும் பம்பைப் பாட்டும் பதிவு செய்கிறேன். வீட்டிலேயே சின்னதாகப் பதிவறை போடுகிற பையன்கள் கிருஷ்ணகிரியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்து, "அண்ணா, எந்த எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கலாம்?" என்கிறார்கள்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். பாடுகிறவர் எதிரே நிற்கும்போது உனக்கு அது வேண்டுமா, அவர் பஸ் ஏறிப் போன பிறகு வேண்டுமா? போன பிறகு என்றால் காசை வீணாக்காதே. ரிவெர்ப் என்பது பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் ஒலியை நீளவைப்பது. 1957இல் வந்த இஎம்டி 140, தகட்டை அதிரவைத்து அதைச் செய்கிற பிளேட் ரிவெர்ப், கிட்டத்தட்ட 270 கிலோ. நாலு பேர் சேர்ந்தாலும் மூச்சு வாங்கும். 1978இல் வந்த லெக்சிகன் 224 டிஜிட்டல் ரிவெர்ப் அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. இரண்டின் சாயலும் இன்று பிளக்-இன்னாக, அதாவது கணினிக்குள் போடும் மென்பொருளாகக் கிடைக்கிறது; ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து நிதானமாக மாற்றலாம். பாடுகிற நேரத்திலேயே வேலை செய்ய வேண்டியவை இரண்டுதான்: உள்ளே வரும் குரலை அடக்க ஒரு கம்ப்ரஸர், பாடுகிறவரின் காதுக்கு ஒரு ரிவெர்ப். என் அறையில் இருப்பதும் அந்த இரண்டுதான்.

கம்ப்ரஸரிலிருந்து தொடங்குகிறேன். கூத்து வாத்தியார்கள் மைக் இல்லாத திடலில் கடைசி வரிசைவரை கேட்கப் பாடிப் பழகியவர்கள். விருத்தத்தை முணுமுணுப்பாக எடுத்து, கடைசி அடியில் கூரையைத் தூக்குவார்கள். மைக்செட் காலத்தில் நான் விரலை மிக்ஸரின் மேலேயே வைத்துக்கொண்டு, அவர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே ஒலியைக் குறைப்பேன். அந்த விரலின் வேலையைத்தான் கம்ப்ரஸர் செய்கிறது. ஒரு வரம்பை வைத்துவிட்டால் அதைத் தாண்டுகிற ஒலியை அமுக்கும். விகிதம் 4:1 என்றால், வரம்புக்கு மேல் 4 டெசிபல் ஏறியது 1 டெசிபலாக வெளியே வரும்.

வாங்கும்போது, அட்டாக், ரிலீஸ் இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டாக் என்பது அமுக்கத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம். ரிலீஸ் என்பது கையை எடுக்கும் நேரம். என் வாத்தியார் ஒருவருக்கு முதல் நாள் அட்டாக்கை மிக வேகமாக வைத்தேன். 'தக' என்று அவர் எடுத்த எடுப்பில் இருக்கும் அடி மழுங்கி, வாயில் பஞ்சை வைத்துப் பாடியதுபோல் ஆனது. 20 மில்லி வினாடிக்குத் தள்ளியதும் எழுத்து முழுசாக வந்தது. ரிலீஸில் வேறு சிக்கல். அதைச் சிறிதாக வைத்தபோது, அவர் இரண்டு சொற்களுக்கு நடுவே நிறுத்துகிற இடத்திலெல்லாம் பக்கத்து ஆர்மோனியத்தின் துருத்தி 'உஸ்' என்று மேலே எழுந்து வந்தது. 150 மில்லி வினாடிக்கு வந்ததும் துருத்தி அடங்கியது. எவ்வளவு அமுக்குகிறது என்று பெட்டியில் காட்டும் முள் 5, 6 டெசிபல்தான் சாய வேண்டும். அதற்கு மேல் சாய்ந்தால் வரம்பைத் தளர்த்துங்கள். பம்பைக்கு அட்டாக் இன்னும் மெதுவாக, 30 மில்லி வினாடி. குச்சி தோலில் படுகிற சத்தம் தப்பித்துப் போன பிறகுதான் பெட்டி கையை வைக்க வேண்டும்.

பெயர்பெற்ற பழைய கம்ப்ரஸர்களைப் பற்றி ஒரு சொல். எல்ஏ-2ஏ விளக்கொளியை வைத்து அமுக்குவது. மெதுவாக, சாந்தமாக இருக்கும். அட்டாக் குமிழே கிடையாது. 1176 அதற்கு நேரெதிர். 20 மைக்ரோ வினாடியில் பிடித்துவிடும். அதில் அட்டாக் குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப வேகம் கூடும். மற்றவற்றில் பழகியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். புதிதாக வாங்கினால் இரண்டும் லட்சக் கணக்கில் போகும். விசிஏ (மின்னழுத்தத்தால் ஒலியை ஏற்றி இறக்கும் சுற்று) வகையில் வரும் சாதாரண இரண்டு சேனல் ரேக் பெட்டி, டிபிஎக்ஸ் 266எக்ஸ்எஸ் போன்றது, தொடக்கத்துக்குத் தாராளம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வால்வை வைத்து, ஆரஞ்சு விளக்குப் போட்டுக் காட்டும் மலிவுப் பெட்டிகளைப் பார்த்து மயங்காதீர்கள். பல பெட்டிகளில் அது அழகுக்கு.

பெட்டி வாங்கும் ஆசை வருவதற்கு முன் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின், அதாவது மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டியின், முதுகைத் திருப்பிச் சாக்கெட்டுகளை எண்ணுங்கள். இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்றால், வெளியே போகும் இரண்டையும் ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டிருக்கும். உள்ளே வரும் வழியில் மைக் நேராக இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ப்ரீஆம்புக்கு (மைக் ஒலியை உயர்த்தும் பகுதி) போய்விடும். கம்ப்ரஸரை நுழைக்க இடமே இராது. மைக் ஒலி மிகச் சன்னமானது, அதைக் கம்ப்ரஸரில் நேராகச் செருகவும் முடியாது. ஆகவே, தனி ப்ரீஆம்ப் வேண்டும், அல்லது இன்சர்ட் சாக்கெட் (ஒலியை வெளியே எடுத்து, வேறு பெட்டி வழியாகத் திருப்பி வாங்கும் வழி) உள்ள சின்ன மிக்ஸர் வேண்டும். என் பழைய மைக்செட் மிக்ஸர் அதற்குத்தான் உதவியது. ஒரு முனையில் மூன்று பட்டை ஜாக்கும் மறுமுனையில் இரண்டு ஜாக்கும் உள்ள கேபிளால் இணைத்தேன். பெரும்பாலான மிக்ஸர்களில் ஜாக்கின் நுனி ஒலியை வெளியே அனுப்பும், நடுப்பட்டை திருப்பி வாங்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒலியே வராது, பயப்பட வேண்டாம்.

ரிவெர்ப் ஏன் காதுக்கு வேண்டும் என்கிறேன்? கணினி வழியே ஹெட்போனில் கேட்கவைத்தால் ஒலி தாமதிக்கிறது. கணினி ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் கையாளும்; அந்தச் சேமிப்புதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு வழிக்கே 10.7 மில்லி வினாடி. போய்த் திரும்ப இரட்டிப்பு. கையில் தாளம் வைத்துக்கொண்டு பாடுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். பஃபரைக் குறைத்தால் என் கணினி திக்குகிறது. எனவே மிக்ஸரின் ஆக்ஸ் (ஒலியின் ஒரு பங்கைத் தனியாக வெளியே அனுப்பும் வழி) வழியாக ரிவெர்ப் பெட்டிக்கு அனுப்பி, அதை ஹெட்போனில் மட்டும் சேர்க்கிறேன். பதிவாவது வெறும் குரல். அப்படிச் செய்தும் வாத்தியார், "தம்பி, கிணற்றுக்குள் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது, குறை" என்றார். குறைத்தேன். "அவ்வளவு குறைக்காதே" என்றார். கையெட்டும் தூரத்தில் ஒரு குமிழ் இருப்பதன் அருமை அப்போது தெரிந்தது. ஆக்ஸ் வழியில் போடும்போது பெட்டியில் 'மிக்ஸ்' நூறு சதவீதம் எஃபெக்ட் பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் நேர்க்குரல் இரண்டு முறை சேரும்.

இதற்குப் பழைய ரிவெர்ப் போதும். யமஹா எஸ்பிஎக்ஸ்90 மாதிரியான எண்பதுகளின் பெட்டியில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. குறை மாதிரித் தெரியும். கூத்தில் ஊதுகிற முகவீணையின் கூர்மையான ஒலிக்கு அதுவே நிறை. புத்தம்புது ரிவெர்ப்பில் அந்த வாத்தியம் காதைக் குத்துகிறது.

பழையது வாங்கப் போனால் முதலில் பின்பக்கத்து மின்சாரச் சீட்டைப் படியுங்கள். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. நம்முடையது 230. ஜப்பானியப் பெட்டி ஒன்றை ஆசையோடு நேராகச் செருகி, புகை வந்த பிறகு சீட்டைப் படித்தவன் நான். அடாப்டர் உள்ள பெட்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு: சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி, சிலவற்றுக்கு டிசி. ஜாக் ஒரே அளவில் இருக்கும். ஏசியை டிசி பெட்டியில் செருகினால் கருகலாம். அமைப்புகளை நினைவில் வைக்கும் பழைய டிஜிட்டல் பெட்டிக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருந்தால் அணைத்துப் போட்டதும் எல்லாம் மறந்துவிடும்; மாற்றிவிடலாம், விலையில் கழித்துப் பேசுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தப் பதிவைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் கிட்டார் பாட்டில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். எல்லாக் குமிழையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கரகரத்தால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். எதுவும் செருகாமல் வெளியீட்டை முழுதாக ஏற்றி இரைச்சலைக் கேளுங்கள்.

இரைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. என் ரிவெர்ப் ஒருநாள் முழுக்க 'ஸ்ஸ்' என்றது. கெட்டுவிட்டது என்று துணிப்பையில் சுற்றி, பஸ் பிடித்துப் பெங்களூர் எஸ்.பி. சாலைக்குக் கொண்டுபோனேன். பழுது பார்க்கிறவர் திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. பின்னால் இருந்த குட்டிச் சுவிட்சை நகத்தால் தள்ளி, காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். அது ஒலி அளவை மாற்றும் சுவிட்ச். தொழில்முறைக் கருவிகள் பேசுவது +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகள் −10 டிபிவி, 0.32 வோல்ட். இடைவெளி ஏறத்தாழ 12 டெசிபல். சன்னமாக வருவதை உயர்த்தினால் கூடவே இரைச்சலும் உயரும். மாறாக, வலுவாக வருவதைச் சன்னத்துக்கு வைத்த பெட்டியில் செருகினால் கரகரவென்று உடையும். அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், எனக்கு ஒரு நாளும் பஸ் காசும் போயிற்று. கிட்டார் பெடலை இந்த வேலைக்கு வாங்கினால் பெரும்பாலும் அந்தச் சுவிட்சும் இராது. ஒலியைக் கிட்டார் அளவுக்கு இறக்கித் தரும் ரீஆம்ப் பெட்டி தனியாக வேண்டும்.

கம்ப்ரஸரில் நினைவகம் இல்லை. ஒவ்வொரு பதிவு முடிந்ததும் குமிழ்களை செல்பேசியில் படம் எடுத்து, பாடகர் பெயரோடு வையுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரே ஓர் அடியை மாற்றிப் பாட வாத்தியார் திரும்பி வந்தார். படத்தைத் திறந்தால் ரிலீஸ் குமிழின் மேல் என் கட்டைவிரல். இப்போது எல்லாக் குமிழைச் சுற்றியும் வெள்ளை டேப் ஒட்டிப் பென்சிலால் கோடு போடுகிறேன்.