கார்த்திகையில் யாழ்ப்பாணம் போகிறீர்களா? வரும் ஏழு நாள் வானிலையை இப்படிப் பாருங்கள்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் ஓடும்: "அடுத்த கிழமை ஊரில் மழையா?" கேட்பவர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். கைபேசியைத் திறந்தால் ஏழு நாளும் கருமுகிலும் மின்னலும். ஒருமுறை மச்சாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தையே தள்ளிவைக்கப் போனார். மறித்து அனுப்பிவைத்தோம். அந்தக் கிழமை மழை பெய்தது மூன்று இரவுகள்தான். பகலில் துணி காய்ந்தது, கோயிலுக்கும் போய் வந்தார்.

அந்தப் படம் சொல்வது, அன்றைக்கு ஏதோ ஒரு நேரத்தில் மழைக்கு வாய்ப்பு உண்டு என்பதை மட்டும்தான். எங்கள் மாரிகாலத்தில் அது எல்லா நாளுக்கும் பொருந்தும். வடக்கின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் கொட்டுகிறது. ஆகவே "மழை வருமா" என்று கேட்பதில் பயனில்லை. எந்த வகை மழை, எவ்வளவு மழை என்றுதான் கேட்க வேண்டும்.

ஒக்டோபர் மழை பெரும்பாலும் பின்னேரத்து இடிமழை. காலையில் வெயில் சுடும், மத்தியானத்துக்குப் பிறகு இருட்டிக்கொண்டு வரும், ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு விட்டுவிடும். அந்தக் கிழமைக்குத் திட்டம் சுலபம்: வெளி வேலைகளைக் காலையில் முடித்துவிடுங்கள். இடி முழங்கும்போது வயல்வெளியிலோ பனைக்குக் கீழோ நிற்காதீர்கள். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து கதை வேறு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) உருவானால் அந்த மழை நேரம் காலம் பார்க்காது, இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் ஃபெங்கல், 2025 நவம்பரில் டித்வா என்ற புயல்கள் எல்லாம் இந்தக் காலத்தில் வந்தவைதான். டித்வா நாடு முழுவதும் வீதிகளையும் ரயில் பாதைகளையும் அறுத்து, அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஊருக்குப் போகும் எவரும் இதைச் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது.

சரி, எதைப் பார்ப்பது? வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை தமிழிலும் வருகிறது. அதில் "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் வழமையான மாரிக் கிழமை. இருந்தால், அது கரையை நெருங்கப் பெரும்பாலும் சில நாட்கள் எடுக்கும். தூரத்தில் உருவானால் உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கும். முதல் மூன்று நாளுக்கான எதிர்வுகூறலை நம்பலாம். அதற்கு அப்பால் தாழமுக்கம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நாளுக்கு நாள் மாறும், ஆகவே ஏழாம் நாள் படத்தை வைத்து இன்றைக்கே டிக்கெட்டை மாற்ற வேண்டாம். ஊரில் நிற்கும்போது அடுத்த சில மணி நேரத்துக்கு எது வருகிறது என்று பார்க்க, இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடர் படம் நல்ல உதவி. காரைக்கால் எங்களுக்கு நேர் வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அடுத்தது மில்லிமீற்றர் கணக்கு. "100 மி.மீ. வரை பலத்த மழை" என்றால் எவ்வளவு? ஒரு பரப்புக் காணியில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) அது 25,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். கூரைக்கு மேல் வைத்திருக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கி இருக்கிறதே, அதைப் போல இருபத்தைந்தை ஒரே நாளில் வளவுக்குள் கவிழ்த்தது மாதிரி.

ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதைக் கைபேசி சொல்லாது, கிணறுதான் சொல்லும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். ஐப்பசியின் முதல் மழைகளை நிலம் அப்படியே குடித்துவிடும், அடுத்த நாள் முற்றத்தில் ஈரம்கூடத் தெரியாது. கார்த்திகை கடைசிக்குள் கிணற்றில் நீர் ஏறிவிடும். எங்கள் வீட்டுக் கிணற்றில் கோடையில் கயிறு முழுவதையும் விட்டு அள்ளுவோம். மாரியில் எட்டி வாளியால் மொள்ளலாம், தண்ணீரில் முகம் தெரியும். அந்த நேரத்தில் அதே 100 மி.மீ. விழுந்தால் உறிஞ்ச இடமில்லை, ஒழுங்கையில் முழங்கால் அளவு நிற்கும். வழுக்கையாறு ஓடுவதும் அப்போதுதான். அதனால் ஊருக்கு அழைக்கும்போது "மழையோ?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "கிணறு எவ்வளவு ஏறியிருக்கு, ஒழுங்கையில் தண்ணி நிக்குதோ?" என்றும் கேளுங்கள். வன்னிப் பக்கம் போகிறீர்கள் என்றால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தாயிற்றா என்று விசாரியுங்கள். திறந்தால் கீழே கண்டாவளைப் பக்கத்துத் தாழ்ந்த இடங்களுக்குத் தண்ணீர் வரும்.

பயணத் திட்டத்தில் முதலில் அடிபடுவது கடல்தான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானிலிருந்து போகும் படகுகள் காற்று எழும்பினால் நிற்கும். நெடுந்தீவில் ஒருமுறை அப்படி ஒரு இரவு தங்க நேர்ந்தது. வீட்டுக்காரர் பாயும் சோறும் தந்தார்கள். ஆனால் மாமாவின் பிரெஷர் மருந்து யாழ்ப்பாணத்து அறையில் கிடந்தது, விடியும் வரை எனக்கு நித்திரை இல்லை. தீவுகளை வந்திறங்கிய முதல் நாட்களிலேயே, தெளிந்த காலையில் முடித்துவிடுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கப்பலை நம்பிக் கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள். 2023 ஒக்டோபர் 14 தொடங்கிய அந்தச் சேவையே, மழைக்காலம் என்று ஒரு கிழமைக்குள் நிறுத்தப்பட்டது.

திரும்பும் விமானத்துக்குக் கடைசி இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். கோடையில் சரிவரும். மாரியில் ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டு நீர்கொழும்புப் பக்கம் தங்குங்கள். ஏ9 வீதியில் ஓர் இடத்தில் வெள்ளம் குறுக்கறுத்தால் ஏழெட்டு மணி நேரப் பயணம் இரட்டிப்பாகும்.

பெட்டிக்குள் தடித்த சப்பாத்து வேண்டாம், காயாது. பின்வார் உள்ள செருப்பு, பவர் பாங்க், டோர்ச், நுளம்புக்குப் பூசும் கிறீம் போதும். குடை ஊரில் வாங்கலாம். மழையோடு டெங்கு கூடும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை எடுக்காமல் டாக்டரிடம் போங்கள். ஐபுபுரோஃபென், அஸ்பிரின் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளைகளுக்கு வெள்ளத்தில் இறங்க ஆசை வரும், எங்களுக்கும் அந்த வயதில் வந்ததுதான். ஆனால் எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் பரவுகிறது, 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களே போயின. காலில் புண் இருந்தால் விடவே வேண்டாம். வெள்ளம் வந்த வளவில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். இரவில் முற்றத்துக்கு இறங்கினால் டோர்ச் அடித்துக்கொண்டு இறங்குங்கள். மழைக்குப் பாம்பு மேட்டுக்கு வரும், வீட்டு விறாந்தையும் அதற்கு மேடுதான்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் இப்போதே தொலைபேசியில் போட்டுவிடுங்கள். அப்புறம் சித்திக்கு ஒரு கோல் எடுத்து, கிணறு எவ்வளவு ஏறியிருக்கு என்று கேளுங்கள்.