வெதர்மேன நம்பறது ஓகே, ஆனா எப்படி நம்பறது?

நவம்பர் வந்துட்டா எங்க வீட்ல யாரும் நியூஸ் சேனல் பாக்கறதில்ல, 'தமிழ்நாடு வெதர்மேன்'னு பேஜ் வெச்சு மழைய கணிச்சு சொல்ற பிரதீப் ஜான் என்ன போட்ருக்காருன்னுதான் கேப்பாங்க. தப்பு சொல்ல முடியாது. வானிலை மையம் "ஓரிரு இடங்களில் கனமழை"ங்கும், அதுல நம்ம தெரு இருக்கா இல்லயான்னே தெரியாது, இவரு வேளச்சேரி தாம்பரம்னு ஏரியா பேர சொல்லி நம்ம பாஷைல எழுதறாரு. அவ்ளோ ஏன், மையத்தயே நாம அங்கேந்து டிவில மழை நிலவரம் சொன்ன ரமணன் சார் முகத்த வெச்சுதான நம்பினோம்? 2016ல அவரு ரிட்டயர் ஆனதும் அங்க யார் பேசறாங்கன்னு எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு?

சரி, முதல் வேலை, வெதர்மேனோட பேஜுக்கே போய் படிங்க. அவர் பேர் போட்டு வாட்ஸப்ல வர்றதெல்லாம் அவர் எழுதினது இல்ல. ஒரு தடவ ராத்திரி 11 மணிக்கு அபார்ட்மென்ட் குரூப்ல "நாளைக்கு பேய்மழை, வெதர்மேன் வார்னிங்"னு வந்துச்சு, நானும் அடிச்சுபிடிச்சு கார எடுத்துட்டு போய் ஃப்ளைஓவர் மேல விட்டுட்டு நடந்தே வந்தேன், காலைல பாத்தா சுள்ளுனு வெயில், அப்புறம் தேடினா அது போன வருஷ மெசேஜ். "நாளைக்கு"ன்னு இருந்தா எந்த தேதிக்கு நாளைக்குன்னு பாருங்க, தேதியே இல்லன்னா அங்கயே டெலீட்.

அடுத்தது, மையத்தோட பாஷைய கொஞ்சம் கத்துக்கங்க, கஷ்டமே இல்ல. கனமழைன்னா ஒரு நாள்ல சுமாரா 6.5 சென்டிமீட்டர்லேந்து, அதிகனமழைன்னா 20க்கு மேல. ஆரஞ்சுன்னா தயாரா இரு, ரெட்னா இறங்கி வேல பாரு. ஆனா அது மொத்த மாவட்டத்துக்கும் சேத்து குடுக்கறது, அதான் ரெட் அலர்ட் அன்னிக்கு உங்க மாடில துணி காஞ்சிட்டிருக்கும், நாம அவங்கள திட்டிட்டிருப்போம். மையத்தோட சைட்லயே ரேடார் படமும் இருக்கு, அதுல டைம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா நம்ம நேரத்துக்கு அஞ்சர மணி நேரம் கூட்டிக்கங்க.

ஸ்கூல் லீவா, கலெக்டர் சொல்லணும். செம்பரம்பாக்கம் ஏரிலேந்து எத்தன கனஅடி தண்ணி தொறக்கறாங்க, கடலுக்கு போலாமா, இதுக்கெல்லாம் அரசு அறிவிப்புதான், எந்த பேஜும் வேணாம்.

அப்புறம் எங்கம்மா வழி ஒண்ணு இருக்கு. வெதர்மேன், மையம் ரெண்டு பேரும் சொன்னத காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெச்சுக்குவாங்க, மறுநாள் காலைல 8.30 வரைக்குமான மழை அளவு வந்ததும் பக்கத்துலயே குறிச்சுடுவாங்க. இந்த சீசன் தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, யாரு ஜெயிக்கறாங்கன்னு கேட்டா டிசம்பர் முடியட்டும்டாங்கறாங்க.