பிரைட் எரியுது, டிம் எரியலை: மலையேறுமுன் செய்யக் கூடாத தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளாவுக்கு ஏற எங்களுக்கு மூன்று வழி. மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி, கம்பத்திலிருந்து நேரே கம்பம்மெட்டு, வடக்கே போடியிலிருந்து போடிமெட்டு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியுமுன் ஏறிவிடும், பொழுது சாயும்போது இறங்கும். எங்களைப் போன்ற ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது: "அண்ணே, பிரைட் எரியுது, டிம் எரியலை. பல்பு நல்லாத்தான் இருக்கு, சுவிட்சைப் பாருங்க." வண்டியின் முன்விளக்கில் தூரத்துக்கு அடிப்பது பிரைட், அருகே ரோட்டில் தாழ விழுவது டிம்.

பல்பு நல்லா இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பிரைட் எரிகிறதே என்பார்கள். முதல் தவறு அதுதான். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஜீப்புகளிலும் பழைய கார்களிலும் இருப்பது எச்4 பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு காயில், அதாவது எரிந்து வெளிச்சம் தரும் கம்பிச்சுருள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் காயிலுக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். வெளிச்சம் மேலே சிதறாமல் ரோட்டில் விழுவது அதனால்தான். ஒரு காயில் அறுந்தாலும் மற்றது பாட்டுக்கு எரியும். ஆகவே பிரைட் எரிவது பிரைட் காயிலுக்கு மட்டும்தான் சாட்சி. பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில சமயம் அறுந்த காயில் ஒட்டினாற்போலவே நிற்கும், கண்ணை ஏமாற்றும். பேட்டரியில் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்து, "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போச்சு, அதனால் பல்பாக இருக்காது" என்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிம்தான் அதிக நேரம் எரிவது. இரண்டு பல்பும் ஒரே நாளில் போட்டவை என்றால் ஆயுளும் பக்கத்துப் பக்கத்தில்தான் முடியும். ஒன்று போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும், ஓட்டுகிறவர் கவனித்திருக்க மாட்டார். இரண்டாவதும் போய் இருட்டான பிறகுதான் இரண்டும் சேர்ந்து போனதாகத் தெரியும். சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி வாரம் ஒருமுறை டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வேலை அரை நிமிடம்தான்.

ஒரு பக்கம் மட்டும் போனதா, இரண்டும் போனதா என்பதை முதலில் உறுதி செய்யாமல் எதையும் கழற்றக் கூடாது. ஒரு பக்கம் என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், ஒயர், தனி ஃபியூஸ் இருந்தால் அந்த ஃபியூஸ். பல கார்களில் இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட் என்று நான்கு ஃபியூஸ் இருக்கும். இரண்டு பக்கமும் போயிருந்து, பல்பு இரண்டும் நன்றாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடுங்கள்: டிம் ரிலே (சுவிட்சின் சின்னக் கரண்டை வாங்கி விளக்குக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), பொது ஃபியூஸ், டிம்மையும் பிரைட்டையும் மாற்றும், ஸ்டியரிங் அடியில் உள்ள டிப்பர் சுவிட்ச். ரிலேயில் சந்தேகம் என்றால் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயைக் கழற்றி இங்கே மாட்டிப் பாருங்கள்.

நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். தொழில் கற்ற புதிதில் ஒரு ஜீப் வந்தது. டிம் போட்டால் இடது விளக்கு மினுமினு என்று மஞ்சளாக எரிகிறது. டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாகத் தெரிகிறது. சுவிட்ச் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது என்று முடிவு கட்டி முழு சுவிட்சையும் மாற்றினேன். அப்படியே எரிந்தது. கோளாறு இடது விளக்கின் எர்த் போல்ட்டில், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பில். துருப்பிடித்துப் பொடியாகிக் கிடந்தது.

விஷயம் இதுதான். எச்4-இல் இரண்டு காயிலுக்கும் எர்த் ஒன்றே. அது அறுந்தால், டிம் காயிலுக்குள் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் அதே பல்பின் பிரைட் காயில் வழியே பின்னோக்கிப் போய், பிரைட் ஒயரைப் பிடித்து, எதிர்ப்பக்க விளக்கின் பிரைட் காயில் வழியாக எர்த்துக்குப் போய்ச் சேரும். மூன்று காயில் வரிசையாக நிற்பதால் அவற்றில் எதுவும் ஒழுங்காக எரியாது; நீல விளக்கும் அந்த ஒயரிலிருந்து கொஞ்சம் குடித்துக்கொள்ளும். மங்கல், குழப்பம், நீல விளக்கு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ஹோல்டரின் எர்த் பின்னில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் போல்ட்டைச் சுரண்டி, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தினமும் மலையேறும் வண்டிக்கு இது வருஷா வருஷம் வரும் வேலை.

வோல்ட் அளக்கும் மீட்டரை நம்பி ஏமாறுவதும் உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு செம்பு நூல் மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு அது போதும். 55 வாட் பல்பு இழுக்கும் நாலரை ஆம்பியருக்குப் போதாது. அதனால் பல்பு எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறு முனை ஹோல்டரின் டிம் பின்னில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே எங்கோ கரண்ட் விரயமாகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடும். மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து டெஸ்ட் லைட்டாக வைத்துக்கொள்ளலாம். அது கரண்ட் இழுக்கும், அதனால் பொய் சொல்லாது. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் பல்புக்கு பாசிட்டிவ் எப்போதும் வந்து நிற்கும், சுவிட்ச் போடுவது எர்த் பக்கம். அதில் பிரைட்டுக்கும் டிம்முக்கும் ஒருசேரக் கரண்ட் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம்.

பனியில் தெரியவில்லை என்று 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு போடுகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை. 100 வாட் என்றால் ஒரு பல்புக்கே எட்டு ஆம்பியருக்கு மேல். ரிலே இல்லாத வண்டியில் அத்தனையும் டிப்பர் சுவிட்சின் சின்னப் பித்தளை முனை வழியாகப் போக வேண்டும். முதலில் ஹோல்டர் பழுப்பாகும், பிறகு பின் தளரும், தளர்ந்த இடம் இன்னும் சுடும், கடைசியில் உருகும். புதுப் பல்பு போட்டதும் இரண்டு நாள் எரிந்து மறுபடி நின்றால் பல்பைத் திட்டாதீர்கள், ஹோல்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவதும் ஒயரைச் சுற்றி வைப்பதும் இதற்கு அண்ணன். ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும். பனிக்குப் பிரைட் உதவவும் உதவாது. வெள்ளைத் திரையில் அடித்து நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறிச் சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும். மாட்டும்போது பல்பின் அடித்தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதும் அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். கோணலாக மாட்டிய டிம் ரோட்டுக்குப் பதில் மரக்கிளையில் அடிக்கும். புதுக் கார்களில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனிப் பல்பு இருக்கலாம், அங்கே மேலே சொன்ன இரண்டு காயில் கதை கிடையாது. ஒரே புரொஜெக்டரில் (உருண்டை லென்ஸ் வைத்த விளக்கில்) இரண்டும் வரும் வகையில் உள்ளே ஒரு சின்ன மறைப்பு மேலும் கீழும் ஆடும். டிம் எரிந்து பிரைட்டுக்கு மாறாவிட்டால் அந்த மறைப்பை இழுக்கும் மின்காந்தக் காயிலையும் அதன் கப்ளரையும் (ஒயர் சேரும் இணைப்பையும்) பாருங்கள்.

டிம் இரண்டும் போனபின் "பிரைட்டிலேயே போயிடலாம்" என்று ஏறுவதுதான் எனக்குப் பயம் தருவது. கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்குகிறவருக்கு ஒரு கணம் ரோடே தெரியாது. லோயர் கேம்ப்பிலேயே நிறுத்திவிட்டு விடிந்தபின் ஏறுங்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால், அதுவும் வலது பக்கம் என்றால், எதிரே வருகிறவர் உங்களை ஓரமாக வரும் பைக் என்று நினைத்து நடு ரோட்டில் வருவார். கையில் ஸ்பேர் பல்பு இல்லையா? இடது பக்கத்து நல்ல பல்பைக் கழற்றி வலது பக்கம் மாட்டுங்கள், மெதுவாக ஊருக்குள் வந்து சேருங்கள்.