சுவருக்குள் நெட்வொர்க் கேபிள் கொண்டுசெல்லும் முறை

வீட்டில் இணையக் கேபிளைச் சுவருக்குள் கொண்டுசெல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தக் கேபிளை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செங்கல் சுவரில் கேபிளை நேரடியாகச் சாந்துக்குள் புதைத்துவிட்டால், அது பழுதாகும்போதோ புதிய வகைக் கேபிள் தேவைப்படும்போதோ சுவரை மறுபடியும் உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே புதைக்க வேண்டியது குழாயை. கேபிளை எந்த நாளிலும் உருவி எடுத்து வேறொன்றை இழுத்துக்கொள்ளும்படி குழாயின் பாதை அமைய வேண்டும்.

பாதையைத் தாளில் வரைந்துவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும். ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கேபிள் செல்லட்டும்; சுவருக்குள் எந்த இடத்திலும் இணைப்பு வேண்டாம். குழாய் நேர்க்குத்தாகவோ கிடைமட்டமாகவோ மட்டுமே போக வேண்டும், தூரம் குறைகிறது என்பதற்காகக் குறுக்கே சாய்வாகக் கொண்டுபோகக் கூடாது. பிற்காலத்தில் படம் மாட்ட ஆணியடிப்பவர், சுவரில் தெரியும், கேபிள் முடியும் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும்தான் கேபிள் ஓடும் என்று கணித்து ஒதுங்குவார். சாய்வான பாதையை அவரால் ஊகிக்க முடியாது. மின்கம்பிகள் ஓடும் குழாயில் நெட்வொர்க் கேபிளைச் சேர்த்து விடுவது ஆபத்தானது, ஏனெனில் மின்கம்பியின் மேலுறை கிழிந்தால் அந்த மின்னழுத்தம் கணினி வரைக்கும் வந்துவிடக்கூடும். இரண்டும் இணையாக ஓட நேர்ந்தால் 30 சென்டிமீட்டர் அளவுக்காவது விலக்கி வையுங்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்கட்டும்.

வெட்டத் தொடங்குமுன் அந்தச் சுவரில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பிகளுக்கான இணைப்பை அணைத்து, டெஸ்டரால் சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெட்டும் இயந்திரத்துக்கான மின்சாரத்தை வேறு சர்க்யூட்டிலிருந்து நீள்கம்பி வழியே எடுத்துக்கொள்ளலாம். சுவருக்குள் இருப்பதைக் காட்டும் கருவிகள் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைத் தவறவிடக்கூடும் என்பதால், சுவரின் இரு பக்கங்களிலும் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துக்கொள்வதும் அவசியம். கான்கிரீட் தூண், உத்தரம் ஆகியவற்றில் எந்தக் காரணத்துக்காகவும் காடி, அதாவது குழாயைப் பதிப்பதற்கான நீண்ட பள்ளம், வெட்டாதீர்கள். கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை அவை.

காடியின் ஆழத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். நேர்க்குத்துக் காடி, பூச்சை நீக்கிய சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேலும் இறங்கக் கூடாது என்பது கட்டடத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 10 சென்டிமீட்டர் செங்கல் சுவரில் நேர்க்குத்தாக 33 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். கிடைமட்டமாகவோ 16 மில்லிமீட்டர்தான். பூச்சின் 12 மில்லிமீட்டரைச் சேர்த்தாலும் 28தான் கிடைக்கும். அதில் 25 மில்லிமீட்டர் குழாயை வைத்தால் மேலே 3 மில்லிமீட்டர் சாந்து மட்டுமே மிஞ்சும், அது விரைவிலேயே வெடித்துவிடும். அதனால் மெல்லிய சுவரில் கிடைமட்டப் பாதையையே தவிர்த்து, பொய்க்கூரைக்கு மேலாகவோ சுவரடியில் ஓடும் மூடுபட்டைக்குள்ளோ அறையைக் கடந்து, தேவையான இடத்தில் மட்டும் நேர்க்குத்தாக இறங்குவதுதான் என் பரிந்துரை. சுவரின் இரு பக்கங்களிலும் ஒரே இடத்தில் காடி வெட்டுவதும் கூடாது.

இயந்திரத்தால் இரண்டு இணைகோடுகளை அறுத்த பிறகு, நடுவிலுள்ள பகுதியை உளியால் மெல்லத் தட்டி எடுங்கள். அப்போது எழும் தூசியில் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு விளைவிப்பது என்பதால், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 தரமுள்ள முகக்கவசமும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

வீட்டு நெட்வொர்க்குக்குப் பயன்படும் கேட் 6 என்ற வகைக் கேபிள் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல் விட்டால்தான் பிறகு சிரமமின்றி இழுக்க முடியும். 25 மில்லிமீட்டர் குழாய்க்கு நான்கு கேபிள்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கேபிளை அதன் தடிமனைப் போல் நான்கு மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைத்தால் உள்ளே இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட கம்பிகள் நிலைகுலைந்து வேகம் குறையும். ஆகவே கூரிய முழங்கைத் துண்டுகளை விட்டுவிட்டு, நீண்ட வளைவுகளையே பயன்படுத்துங்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே இரண்டு வளைவுகள் போதும். மூன்றாவது வந்தால் நடுவில் ஒரு பெட்டி வையுங்கள். அறுத்த குழாயின் விளிம்பை அரத்தால் மழுப்பி, மூட்டுகளைப் பசையிட்டு ஒட்டி, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரு வாய்களையும் அடைத்துவிடுங்கள். ஒருமுறை வாயை அடைக்காமல் பூசியதால் சாந்து உள்ளே இறங்கி இறுகிப்போக, ஒரு மீட்டர் சுவரை நான் திரும்ப உடைக்க நேர்ந்தது. பூசும் முன் அளவுநாடாவைச் சுவரோடு வைத்துப் பாதை முழுவதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சின் மேல் விரிசல் ஓடாதிருக்கக் காடியின் இரு ஓரங்களையும் தாண்டும்படி வலைத்துணி பதிக்க வேண்டும்.

மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவரில் வெட்டும் வேலை குறைவு. சட்டத்தின் நடுப்பகுதியில் துளையிட வேண்டும்; துளை ஓரத்திலிருந்து 32 மில்லிமீட்டருக்குள் வந்தால், திருகாணி கேபிளைத் துளைக்காதபடி அங்கே எஃகுத் தகடு அடிக்க வேண்டும். தளத்துக்குத் தளம் செல்லும் துளைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைப்பது கட்டாயம்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பால் ஆனதா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி எளிதில் ஒடியும், கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் சூடேறும். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தரும், 10 கிகாபிட் வேகத்தை ஏறத்தாழ 55 மீட்டர் வரை தரும். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும்.

இழுப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கேபிளை முறுக்கு விழாமல் உள்ளே ஊட்ட, மற்றவர் சீராக இழுக்கட்டும். இழுவிசை 11 கிலோ எடைக்கு மேல் போகக் கூடாது. எல்லாக் கேபிள்களையும் இரு முனைகளிலும் பெயரிட்டு, ஒன்றாகக் கட்டி, அவற்றோடு புதிய நைலான் கயிறு ஒன்றையும் சேர்த்தே இழுங்கள். இறுக்கமாக இருந்தால் கேபிளுக்கென்று விற்கும் நீர்க்கலவை மசகைத் தடவலாம். எண்ணெய் தடவினால் உறை கெடும். சுவர்ப் பெட்டியில் 30 சென்டிமீட்டரும் ரவுட்டர் பக்கம் ஒரு மீட்டரும் மிச்சம் விடுங்கள்.

முனைகளில் எட்டு கம்பிகளையும் இரு பக்கமும் ஒரே நிறவரிசையில், டி568பி என்ற தர வரிசை என்றால் இரண்டிலும் அதுவாகவே, பொருத்த வேண்டும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். மூடியைத் திருகுமுன் கேபிள் டெஸ்டரால் சோதியுங்கள். ஏதேனும் ஒரு கம்பிக்கு டெஸ்டரில் விளக்கு எரியாவிட்டால் முதலில் முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்திப் பாருங்கள், குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால், குழாயில் விட்டுவைத்த கயிற்றில் புதிய கேபிளைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.