கயிற்றுக்கட்டிலுக்குத் துளையும் நாக்கும்: இணைப்பு முதலில், கடைசல் பிறகு

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் கிடக்கும் கயிற்றுக்கட்டிலில் இருப்பவை நான்கு கால்களும் நான்கு சட்டங்களும்தான் என்றாலும், மரத்தை இணைப்பதையும் வடிவமைப்பதையும் ஒருசேரப் பயில அதைவிடச் சிறந்த பொருள் இல்லை என்றே கருதுகிறேன். அதில் வேலையின் வரிசை மாறக் கூடாது: காலில் வெட்டும் துளையும், அதில் செருகுவதற்காகச் சட்டத்தின் முனையில் மெல்லியதாக வெட்டும் நாக்கும் முடிந்த பின்னரே, கால்களைக் கடைசலுக்கு, அதாவது சுழலவிட்டு உருண்டையாகச் செதுக்குவதற்கு, கொடுக்க வேண்டும். மூலைமட்டம் வைக்கவும் கோடு கிழிக்கவும் நேரான பரப்பு தேவை. உருட்டிய காலில் அது இருக்காது.

காலுக்கு வைரம் (கெட்டியான உள்மரம்) பாய்ந்த வேம்போ வாகையோ போதும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) நிற்கும் வெள்வேல் கிடைத்தால், உளியை அடிக்கடி தீட்ட நேர்ந்தாலும், துளையின் விளிம்பு எளிதில் தேயாது. எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கேதான் சுருங்கும். ஆகவே பச்சை மரத்தில் இறுக்கமாக அமைந்த நாக்கு சில மாதங்களில் ஆடத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக்காற்றில் வெட்டுமுனைகள் மற்றப் பகுதிகளைவிட விரைவாக உலர்ந்து பிளவுபடும் என்பதால், முனைகளில் மெழுகு பூசி, இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்குவது நல்லது. வைரத்தையும் அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெளுப்பையும் பிரித்தறியப் பழக விரும்புவோர், கோவையில் 1902இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தின் மர மாதிரிகளைப் பார்ப்பது பயன் தரும்.

கால் 3 அங்குலச் சதுரம், சட்டம் 2½ அங்குல அகலமும் 1½ அங்குலக் கனமும் என்று வைத்துக்கொள்வோம். நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஒரே காலில் நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் ஒரே உயரத்தில் காலின் நடுவில் நுழைந்தால், 1¼ அங்குல ஆழத்திலேயே இரண்டு துளைகளும் முட்டிக்கொள்ளும். ஒன்றை மற்றதற்குக் கீழே இறக்கி அமைத்தால் இரண்டுக்கும் 2 அங்குல ஆழம் தாராளமாகக் கிடைக்கும்.

துளைக்கு 4 நூல் உளியையே எடுத்து, இருமுனைக் கோடுகளுக்கும் சற்று உள்ளேயே நின்று, கொட்டாப்புளியால் அடித்து, சிறிது சிறிதாகக் கிளறி ஆழப்படுத்த வேண்டும். முனைகளைக் கடைசியில் கோட்டோடு செங்குத்தாகச் செதுக்கினால் விளிம்பு நசுங்காது.

மிகுந்த கவனம் வேண்டியது நாக்கின் தோள், அதாவது நாக்கு தொடங்கும் இடத்தில் காலோடு முட்டும் சட்டத்தின் முகப்பு. கயிற்றை இழுத்துப் பின்னும்போது கால்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடுவதால், அந்த விசை முழுவதையும் தாங்குவது தோள்தான். நாக்கு சற்றுத் தளர்ந்தாலும் கட்டில் நிற்கும், தோள் ஒருபுறம் மட்டும் தொட்டால் கால் சாயும். எனவே தோளின் கோட்டைப் பென்சிலால் அல்லாமல் கத்தியால் சட்டத்தைச் சுற்றிக் கிழித்து, கழிவுப் பக்கம் உளியால் சிறு சரிவு எடுத்து, அந்தப் பள்ளத்தில் ரம்பத்தை அமர்த்தி அறுக்க வேண்டும். அறுத்த பின் நாக்கை ஒட்டிய உட்பகுதியை மயிரளவு குழிவாகச் செதுக்கினால், வெளிவிளிம்பு காலோடு இடைவெளியின்றிச் சேரும். எதிரெதிர்ச் சட்டங்களை ஒன்றாகப் பிணைத்துத் தோள்களைக் குறித்தால் நீளம் மாறாது. கூட்டியதும் மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டும் சமமா என்று பார்க்க வேண்டும்.

இனிக் கடைசல். துளைகள் உள்ள பகுதியைச் சதுரமாகவே விட்டு, மேலும் கீழும் மட்டும் உருட்டலாம். துளைப் பகுதியும் உருண்டையாக வேண்டுமெனில், துளையில் கழிவுக் கட்டையை இறுக அடைத்த பிறகே கடைய வேண்டும். இல்லையேல் துளையின் ஓரம் பிய்ந்துவிடும்.

நாக்கைத் துளையில் பூட்டும் மர ஆணிக்கு முதலில் காலில் மட்டும் துளையிட்டு, நாக்கைச் செருகி, துளையின் மையத்தை அதன்மேல் குறித்துக்கொண்டு கழற்றவும். நாக்கில் துளையிடும்போது, குறியைவிட அரை நூல் தோள்பக்கமாக நகர்த்தியிட்டால், ஆணி இறங்க இறங்கத் தோள் காலோடு ஒட்டும். அறுத்த குச்சி ரேகையின் குறுக்கே முறியக்கூடும் என்பதால், ஆணியைப் பிளந்தெடுத்த மூங்கிலில் முனை கூராகச் சீவிக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் கட்டிலைக் கழற்றிச் சட்டம் மாற்ற எண்ணுபவர்கள் பசை தடவாமல், ஆணித்துளையைக் காலின் மறுபக்கம் வரை கொண்டுபோய்விட்டால், பின்புறமிருந்து தட்டி ஆணியை வெளியேற்றலாம்.