லினக்ஸில் இசை மென்பொருள் எழுதிச் சோதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பஃபரை, அதாவது ஒரு சுற்றில் கையாளும் ஒலித் துண்டை, 128 ஃபிரேம் (ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாதிரி சேர்ந்தது ஒரு ஃபிரேம்) என்று வைத்தால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 2.67 மில்லிவினாடி. அதற்குள் உங்கள் நிரல் கணக்கை முடித்தாக வேண்டும். அதே நேரத்தை மற்ற பிளகின்களும் பங்கு போட்டுக்கொள்ளும். 9,999 சுற்றுகளை 0.3 மில்லிவினாடியில் முடித்துவிட்டு, ஒரே ஒரு சுற்றில் 4 மில்லிவினாடி எடுத்தாலும் கேட்பவர் காதில் 'டிக்' என்று விழும். சிபியு பயன்பாடு 12 சதவீதம் என்று காட்டும் சராசரிக் கணக்கில் அந்த ஒரு சுற்று தெரியவே தெரியாது. கீழே வரும் தவறுகளில் பலவும் அந்த ஒரு மோசமான சுற்றை மறப்பதால் வருபவைதான். எழுதியவரின் கணினி வேகமானது என்பதால் அவை அங்கே வெளிப்படாமல் பயனரிடம் போய் வெடிக்கின்றன.

ஆடியோ த்ரெட்டுக்குள் ஒளிந்திருக்கும் காத்திருப்பு

ஆடியோ கால்பேக்கில் (ஒவ்வொரு சுற்றிலும் ஒலி அமைப்பு அழைக்கும் செயற்கூறு) நினைவகம் ஒதுக்கக் கூடாது, கோப்பைத் திறக்கக் கூடாது, திரையில் எதையும் அச்சிடக் கூடாது. இதை எல்லோரும் படித்திருப்பார்கள். மாட்டிக்கொள்வது மறைமுகமாக நடக்கும் ஒதுக்கீட்டில். சி++ வெக்டரில் ஓர் உறுப்பைச் சேர்க்கும்போது கொள்ளளவு போதவில்லை என்றால் அங்கேயே புதிய ஒதுக்கீடு நடக்கும். பகிர்வுச் சுட்டியின் (ஷேர்டு பாயிண்டர்) கடைசிப் பிரதி ஆடியோ த்ரெட்டில் அழிந்தால், அது பிடித்திருந்த பெரிய சாம்பிள் முழுவதும் அங்கேயே விடுவிக்கப்படும். பழைய பொருளை ஒரு வரிசையில் போட்டு, வேறொரு த்ரெட் அதை அழிக்கும்படி வைப்பதே சரி.

மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) இதைவிட மோசம். திரை த்ரெட் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் கர்னல் அதை ஓரமாக நிறுத்திவிட்டால், உயர் முன்னுரிமையில் ஓடும் ஆடியோ த்ரெட் ஒரு சாதாரணத் த்ரெட்டுக்காகக் காத்துக் கிடக்கும். 'முயன்று பார், கிடைக்காவிட்டால் விட்டுவிடு' வகைப் பூட்டும் முழுத் தீர்வல்ல. பூட்டு கிடைத்து, அதைத் திறக்கும் வேளையில் வேறு த்ரெட் காத்திருந்தால் அதை எழுப்பக் கர்னலை அழைக்க வேண்டியிருக்கும். ஒருவர் எழுத ஒருவர் படிக்கும் பூட்டில்லாத ரிங் பஃபரே பாதுகாப்பு. ஜாக் என்ற ஒலிச் சேவையகத்தின் நூலகத்திலேயே ஒன்று இருக்கிறது. நீங்களே எழுதினால் அட்டாமிக் மாறிகளுக்கு அக்வயர், ரிலீஸ் என்ற நினைவக வரிசையைச் சரியாகக் குறிப்பிடுங்கள். எக்ஸ்86 செயலி இந்தப் பிழையைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். ராஸ்பெர்ரி பையில் உள்ள ஆர்ம் செயலி மன்னிக்காது.

சாம்பிளர் எழுதுவோர் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு. ஒலிக்கோப்பை எம்மேப் செய்துவிட்டு (நினைவக முகவரியோடு இணைத்துவிட்டு), அது நினைவகத்தில் இருப்பதாக நம்பி ஆடியோ த்ரெட்டில் நேரடியாகப் படிப்பது. அந்தப் பக்கம் இன்னும் வட்டிலேயே இருந்தால் பேஜ் ஃபால்ட் வரும். வட்டு பதில் தரும் வரை சுற்று நிற்கும். ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கப் பகுதியையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி எம்லாக் செய்து (வெளியேறாதபடி பூட்டி) வையுங்கள். மீதியைத் தனித் த்ரெட் வட்டிலிருந்து படித்து ரிங் பஃபர் வழியே தரட்டும்.

இவற்றைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம். கிளாங் தொகுப்பியின் 20-ஆம் பதிப்பில் ரியல்டைம் சானிடைசர் வந்திருக்கிறது. கால்பேக் செயற்கூறுக்கு நான்பிளாக்கிங் என்ற பண்பைக் கொடுத்து அந்தச் சானிடைசரோடு தொகுத்தால், ஒதுக்கீடோ பூட்டோ நடக்கும் இடத்திலேயே நிரலை நிறுத்தி, எந்த வழியாக அங்கே வந்தது என்பதையும் காட்டும். ஆனால் ஓடிய பாதையை மட்டுமே அது பார்க்கும். ஆகவே பிரீசெட் மாற்றுவது, அளவுருக்களை வேகமாகத் திருகுவது, ஒரே நேரத்தில் பல சுரங்களை அழுத்துவது எல்லாவற்றையும் அதோடு செய்து பாருங்கள்.

முன்னுரிமை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை

த்ரெட் உருவாக்கும்போது பண்புகளில் ஃபைஃபோ என்ற ரியல்டைம் திட்டமிடல் கொள்கையைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. வெளிப்படையான திட்டமிடல் என்ற அமைப்பையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், புதிய த்ரெட் தன்னை உருவாக்கியதன் கொள்கையையே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த அமைப்பைக் கொடுத்து, பயனருக்கு அனுமதி இல்லாவிட்டால் த்ரெட்டே உருவாகாது. திரும்பும் மதிப்பைச் சோதித்து, சாதாரண முன்னுரிமையில் உருவாக்கிவிட்டுப் பயனருக்கு அதைச் சொல்லுங்கள். உண்மையில் கிடைத்ததா என்பதை பிஎஸ் கட்டளையில் த்ரெட் வாரியாக வகுப்பையும் ஆர்டிபிரையோவையும் (ரியல்டைம் முன்னுரிமை எண்) கேட்டால் தெரியும். எஃப்எஃப் என்று காட்ட வேண்டும்.

அனுமதிக்காக ரூட்டாக ஓடவிட்டுச் சோதிப்பது வீண்வேலை. பயனர் அப்படி ஓடவிடப் போவதில்லை. லிமிட்ஸ் அமைப்பில் ஆடியோ குழுவுக்கு ஆர்டிபிரையோ 95, மெம்லாக்குக்கு (பூட்டி வைக்கும் நினைவகம்) வரம்பின்மை கொடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். முன்னுரிமை 99-ஐ மட்டும் தொடாதீர்கள். அது கர்னலின் சொந்த வேலைகளுக்கானது.

ரியல்டைம் கர்னல் கட்டாயமா என்றால், இல்லை. கர்னலை ரியல்டைமாக்கும் பிரீஎம்ப்ட் ஆர்டி வசதி 6.12-இலிருந்து முதன்மைக் கர்னலிலேயே இருக்கிறது. ஆனாலும் உங்கள் நிரல் சாதாரணக் கர்னலில் 256 ஃபிரேமில் திணறினால் முதலில் நிரலைச் சந்தேகியுங்கள்.

பஃபர் அளவு மாறாது என்று நினைப்பது

பைப்வயர் என்ற ஒலிச் சேவையகத்தின் இயல்பு குவாண்டம் (ஒரு சுற்றின் பஃபர் அளவு) 1024 ஃபிரேம். குறைந்த தாமதம் கேட்கும் வேறொரு நிரல் இணைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது குறையும். ஆர்டர் (Ardour) போன்ற ஹோஸ்ட் (பிளகின்களை ஏற்றி ஓட்டும் நிரல்), லூப் முடியும் இடத்தில் ஒரு சுற்றை இரண்டாக வெட்டி, 37 ஃபிரேம் மட்டும் தரலாம். தொடக்கத்தில் கேட்ட அளவை நிலையாக எடுத்துக்கொண்ட நிரல் இங்கே உடையும்.

இதற்கு மிக எளிய, மிகப் பயனுள்ள சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே உள்ளீட்டை 1, 17, 64, 1024 ஃபிரேம் துண்டுகளாகத் தனித்தனியே ஓடவிட்டு, வெளியீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். மௌனம் வர வேண்டும். வராவிட்டால் அளவுருவை மென்மையாக்கும் கணக்கு சுற்றுக்கு ஒருமுறை நடக்கிறது என்றோ, மிடி நிகழ்வின் நேரமுத்திரையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சுற்றின் தொடக்கத்திலேயே ஒலிக்கவிடுகிறீர்கள் என்றோ பொருள். 1024 ஃபிரேமில் அப்படிச் செய்தால் சுரங்கள் 21 மில்லிவினாடி வரை இடம் தவறும். டிரம்ஸில் அது கேட்கும்.

மாதிரி வீதத்தை 44,100 என்று நிரலில் எழுதிவிடுவதும் இதே குடும்பம்தான். 48,000-இல் ஓடினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் உயரும். எல்வி2 என்ற பிளகின் வடிவத்தில் இன்னொரு பொறி: ஹோஸ்ட் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே பஃபரைக் கொடுக்கலாம். இடது வெளியீட்டை எழுதி முடித்தபின் வலது உள்ளீட்டைப் படித்தால், நீங்கள் எழுதியதையே படிக்க நேரலாம். இன்பிளேஸ் புரோக்கன் என்று அறிவிப்பது ஒரு வழி. ஃபிரேம் வாரியாக எல்லா உள்ளீட்டையும் படித்தபின் எழுதுவது நல்ல வழி.

மௌனத்தில் ஏறும் சிபியு

ரிவெர்ப்பின் வால் தேய்ந்து 1.18-ஐ 10-இன் 38-ஆம் அடுக்கால் வகுத்த அளவுக்கும் கீழே போனால் எண்கள் டீநார்மல் (வழக்கமான வடிவில் அடங்காத மிகச் சிறிய எண்) ஆகும். பல செயலிகளில் அவற்றின் கணக்கு மிக மெதுவாக நடக்கும். கால்பேக் தொடங்கும்போது அவற்றைப் பூஜ்யமாக்கும் எஃப்டிசெட், டிஏசெட் பிட்களை ஏற்றி, முடியும்போது பழைய நிலைக்குத் திருப்புங்கள். திரை த்ரெட்டில் ஏற்றி வைத்தால் பயனில்லை. அந்தப் பிட்கள் இருக்கும் பதிவகம் த்ரெட்டுக்குத் த்ரெட் தனி. சோதனை: பத்து வினாடி இரைச்சல், பிறகு ஒரு நிமிட மௌனம். மௌனத்தில் சுமை ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதைத் தீர்க்க கணக்கு விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் என்ற தொகுப்புக் கொடியை மொத்தமாகப் போடுவோரும் உண்டு. அந்தக் கொடி இருந்தால் நேன் (எண்ணல்லாத மதிப்பு) சோதனையைத் தொகுப்பி நீக்கிவிடலாம். ஃபில்டருக்குள் ஒருமுறை நேன் புகுந்தால் மீட்டமைக்கும் வரை வெளியே போகாது.

தொகுத்து வெளியிடும்போது

புதிய விநியோகத்தில் தொகுத்த பிளகின், பழைய கிலிப்சி (அடிப்படை சி நூலகம்) உள்ள கணினியில் ஏறாமல் போகலாம். ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய விநியோகத்தின் கண்டெய்னரில் தொகுங்கள். தொகுக்கும் கணினியின் செயலிக்கே பொருத்தும் மார்ச்-நேட்டிவ் கொடியோடு வெளியிட்டால் பழைய செயலியில் நிரல் சட்டென்று சாகும். சின்னங்களை (செயற்கூறு, மாறிப் பெயர்கள்) மறைத்துத் தொகுத்து, ஹோஸ்டுக்குத் தேவையான நுழைவுச் செயற்கூறு மட்டும் வெளியே தெரிகிறதா என்று என்எம் கட்டளையில் பாருங்கள். இல்லையென்றால் உங்களுடைய நூலகமும் ஹோஸ்டின் நூலகமும் ஒரே பெயரில் மோதிக்கொள்ளும்.

லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) சோதனையைப் பலர் செய்வதே இல்லை. ஜெர்மன் லொகேலில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. 0.5 என்று சேமித்த அளவுரு அங்கே 0 என்று படிக்கப்படும். பிரீசெட் திறந்ததும் எல்லாக் குமிழும் அடிமட்டத்தில் கிடக்கும். ஜெர்மன் லொகேலில் ஒருமுறை சேமித்து, ஆங்கில லொகேலில் திறந்து பாருங்கள். இதைச் சரிசெய்யப் பிளகினுக்குள்ளிருந்து செட்லொகேல் அழைக்காதீர்கள். அது ஹோஸ்டையும் சேர்த்து மாற்றிவிடும்.

சோதனைக் களம்

நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டை நிஜ ஒலி அட்டையோடு ஓடவிட்டால் மெதுவாகி எக்ஸ்ரன் (காலக்கெடு தவறிய சுற்று) மழை பொழியும். அதிலிருந்து எதுவும் தெரியாது. கோப்பிலிருந்து கோப்புக்குச் செயலாக்கும் சிறு ஹோஸ்டோடு ஓடவிடுங்கள். பிழைநீக்கியில் நிரலை நிறுத்தினால் ஜாக் சேவையகம் உங்களை வெளியேற்றிவிடலாம். ஒலி அட்டை இல்லாமல் ஓடும் டம்மி டிரைவரில் கிளையண்ட் காலக்கெடுவை நீட்டி வையுங்கள். எக்ஸ்ரன் எண்ண நிஜக் கருவிக்கு வாருங்கள். பைப்வயரோடு வரும் பிடபிள்யூ-டாப் கருவியில் ஈஆர்ஆர் நெடுவரிசை ஏறுகிறதா என்று பார்த்தபடி, பின்னணியில் ஒரு பெரிய தொகுப்பு வேலையை ஓடவிடுங்கள். பிளகினை எட்டு முறை ஏற்றுங்கள். குளோபல் மாறியில் நிலையை வைத்திருந்தால் இரண்டாவது பிரதி ஏறியதுமே குட்டு வெளிப்படும்.