செல்லப்பெயர் ஒட்டிக்கொள்ளும்போது பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பே அவளுக்குப் பெயர் தயாராக இருந்தது. நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, கடைசியில் நானும் கணவரும் ஒத்துப்போன ஒரே பெயர் அது. நடுவில் ஒரு ழகரம் வரும். அந்த ழகரத்துக்காகவே எனக்கு அந்தப் பெயர் பிடித்தது.

அவளுக்கு நாலு வயது இருக்கும்போது, அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த அவள் தம்பி அக்கா பெயரைச் சொல்லப் பார்த்தான். வந்தது இரண்டே எழுத்து. அதிலும் ஓர் எழுத்து அவள் பெயரிலேயே கிடையாது. வீடே சிரித்தது. ஒரு வாரத்தில் தாத்தா, பாட்டி, சித்தி எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நான் சமையலறையில் தனியாக நின்று அழுதேன்.

அந்த இரண்டெழுத்து என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "நடந்ததை எழுதும்மா, பேரை மட்டும் எழுதாதே" என்றாள். அவளுக்கு இப்போது 11 வயது. இந்த ஏழு வருடத்தில் நான் செய்த தவறுகளும், மற்ற பெற்றோர் செய்யப் பார்த்த தவறுகளும்தான் கீழே வருபவை.

வருத்தத்தை அசட்டை செய்வது

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். விஷயம்தான் என்று இப்போது தெளிவாகச் சொல்வேன். பிள்ளைக்கு நாம் யோசித்துக் கொடுக்கும் முதல் பொருள் பெயர். அது பிள்ளைக்குச் சீக்கிரமே போய்ச் சேரவும் செய்கிறது. நாலரை மாதக் குழந்தைகள் மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயரின் ஒலியைக் கூடுதல் நேரம் கவனித்துக் கேட்கிறார்கள் என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அர்த்தம் புரிகிற வயதல்ல அது. ஆனாலும் அந்த ஒலி தனக்கு வேண்டியது என்று காது அதற்குள் கற்றுக்கொண்டுவிடுகிறது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பிறந்ததிலிருந்தே ஒரு பெயர் இருப்பதைக் குழந்தையின் உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த பிறகு, வேறொருவர் வாயிலிருந்து தற்செயலாக விழுந்த ஒரு சத்தம் அதன் இடத்தில் உட்கார்ந்தால் மனது வலிக்கத்தான் செய்யும்.

அந்த வலியை மறைத்து வைப்பது நல்லதில்லை. நான் மறைத்தேன். அது எரிச்சலாக மாறி, எந்தத் தப்பும் செய்யாத மாமியார் மேல் போய் விழுந்தது. "நாங்கள் வைத்த பெயரைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று முதல் வாரமே சொல்லியிருந்தால் பாதிப் பேர் மாற்றிக்கொண்டிருப்பார்கள். சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் அப்போது எனக்குப் புரியவில்லை. இலக்கணத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டு உண்டு. பெற்றோர் வைக்கும் பெயர், அதற்கு எவ்வளவு அழகான பொருள் இருந்தாலும், குழந்தை யாரென்று தெரிவதற்கு முன்பே இட்ட பெயர். செல்லப்பெயர் காரணப்பெயர். பிள்ளை செய்த ஏதோ ஒன்றிலிருந்து, அல்லது பிள்ளையோடு யாருக்கோ நடந்த ஒன்றிலிருந்து வருவது. அதனால்தான் அது அவ்வளவு பலமாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் நிக்நேம் என்று இன்று சொல்லும் சொல்லும் பழைய காலத்தில் ஏக்நேம் என்றுதான் இருந்தது. கூடுதல் பெயர் என்று பொருள். முன்னால் வரும் 'ஆன்' என்ற சொல்லின் னகரம் இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு நிக்நேம் ஆகிவிட்டது. கூடுதல் என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. வந்த பெயர் வைத்த பெயரைத் தள்ளிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் வலியைப் பிள்ளையின் வலி என்று எடுத்துக்கொள்வது

என்னுடைய பெரிய தவறு இதுதான். எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே அவளுக்கும் பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டேன். "அவளை அப்படிக் கூப்பிடாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரு நாள் அவளே குறுக்கே வந்து, "எனக்குப் பிடிக்கும்" என்றாள். எல்லோர் முன்னாலும்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது இன்னும் மோசமானது. நமக்கு ஒரு பெயர் இனிக்கிறது என்பதால் பிள்ளைக்கும் இனிக்கும் என்று நம்புவது. கூப்பிடும்போது பிள்ளை சிரித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரியவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரிக்காமல் இருக்க ஒரு குழந்தைக்கு ரொம்பத் தைரியம் வேண்டும். நான் பார்த்த வரையில், பெயர் குத்துகிறது என்பதை வேறு அடையாளங்கள்தான் சொல்கின்றன. கூப்பிட்டதும் ஒரு நொடி தாமதித்துத் திரும்புவது, நண்பர்கள் இருக்கும்போது பெற்றோரைக் கிட்ட வரவிடாமல் பார்த்துக்கொள்வது, தன்னைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரைத் தானாக ஒருபோதும் சொல்லாதது.

கேட்டுவிடுவதே நல்லது. தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும், விடையை நம் கேள்விக்குள் ஒளித்துவைக்காமல் கேட்க வேண்டும். "உனக்கு அந்தப் பேரு பிடிக்கும்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "உன்னை யார் யார் எப்படிக் கூப்பிட்டால் உனக்கு நல்லா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதே உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. தன்னை எப்படிக் கூப்பிடுவது என்பதைவிடப் பிள்ளையைப் பாதிக்கும் விஷயம் எது?

உடம்பைப் பார்த்து வைத்த பெயரைச் செல்லம் என்று விட்டுவிடுவது

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. குண்டு, கறுப்பி, நெட்டை, சப்பை மூக்கு, ஒல்லிக்குச்சி. பாசத்தோடுதான் கூப்பிடுகிறார்கள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்குத் தெரியும். ஆனால் கூப்பிடுகிறவரின் மனதில் இருக்கும் பாசம் சொல்லோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. பிள்ளைக்குப் போய்ச் சேர்வது சொல் மட்டும்தான். அது ஒரு நாளைக்கு இருபது தடவை போய்ச் சேர்கிறது.

2014இல் அமெரிக்காவில் 2,000க்கும் அதிகமான சிறுமிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. 10 வயதில் "நீ ரொம்பக் குண்டு" என்று யாரோ சொல்லக் கேட்டவர்களுக்கு, 19 வயதில் உடல் பருமன் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. 10 வயதில் அவர்களுக்கு இருந்த எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. சொல்தான் எடையைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சொன்னவர் வீட்டு ஆளாக இருந்தால் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது என்பதை நான் மறக்கவே இல்லை. வெளியில் யாராவது சொன்னால் வீட்டுக்கு வந்து அழலாம். வீட்டிலேயே சொன்னால் எங்கே போய் அழுவது?

அழுமூஞ்சி, ஊமை, மந்தம், வாலு போன்றவையும் இதே வகைதான். ஒரு நாள் நடத்தையை ஆயுள் முழுக்க நீட்டிவிடும் பெயர்கள். பிள்ளை எதிர்த்தாலும் எதிர்க்காவிட்டாலும் இவற்றைப் பெரியவர்கள்தான் முதலில் நிறுத்த வேண்டும். தாத்தாவோ மாமாவோ கூப்பிட்டால் சபையில் சண்டை வேண்டாம். தனியாக உட்கார்ந்து, "அப்பா, அந்தப் பேரு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கும் அது போய்விடும்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்காதவர்களிடம் நாலாவது முறையும் சொல்ல வேண்டியதுதான்.

தடை போட்டு ஒரு காட்சி நடத்துவது

கால்பந்து வீரர் பெலேயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எட்சன். மின்விளக்குப் புகழ் தாமஸ் எடிசனின் நினைவாக வைத்தது, அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. வீட்டில் டிக்கோ என்று கூப்பிட்டார்கள். பெலே என்பது சிறுவயதில் பள்ளிப் பிள்ளைகள் கேலியாகச் சொன்ன பெயர். பீலே என்ற கோல்கீப்பரின் பெயரை அவர் தப்பாக உச்சரித்ததிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அந்தப் பெயர் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படிக் கூப்பிட்ட பையனை அடித்துப் பள்ளியில் தண்டனையும் வாங்கினார். அவர் கோபப்படக் கோபப்பட, மற்றப் பிள்ளைகள் இன்னும் உற்சாகமாகக் கூப்பிட்டார்கள். பெயர் நின்றுவிட்டது.

வெடித்தால் பெயருக்கு விளம்பரம் கிடைக்கிறது. வீட்டிலும் இதேதான். நான் ஒரு படி மேலே போய், பேசத் தொடங்கிய அந்தச் சின்னப் பையனையே திருத்தினேன். அக்கா பெயரைச் சரியாகச் சொல்லு, சொல்லு என்று உட்கார வைத்துப் பழக்கினேன். அவனால் முடியாது. ரகரமும் ழகரமும் குழந்தைகள் நாக்கில் பிந்தி வருகிற ஒலிகள். பல குழந்தைகளுக்கு அவை சரியாக வரச் சில வருடங்கள் ஆகும். அதுவரை யகரமோ லகரமோ அந்த இடத்தை நிரப்பும், நீளமான பெயரில் நடுவிலிருக்கும் அசை காணாமல் போகும், ஒரே அசை இரண்டு முறை வரும். செல்லப்பெயர்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். அவன் தப்புச் செய்யவில்லை, தன்னிடம் இருந்த ஒலிகளை வைத்து அக்காவைக் கூப்பிட்டான். நான் திருத்தத் திருத்த, அவளைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். பக்கத்தில் போய் அவள் சட்டையைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான். கிட்டத்தட்ட பத்து நாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. அவளை நானே முழுப் பெயரில் கூப்பிட்டேன், யாரையும் கண்டிக்காமல், தினமும். அவன் "..., வா" என்றால், நான் அவள் பெயரைச் சரியாகச் சொல்லி "அவள் வருவாள்" என்பேன். சின்னப் பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைப்பதைவிடச் சரியான ஒலியைக் காதில் விழவைப்பது நல்ல வழி. பெரியவர்களுக்கும் அதுவே பலித்தது, கொஞ்சம் கொஞ்சமாக.

ஆனால் பள்ளியில் கேலிக்காகவே ஒரு பெயரை வைத்துக் கும்பலாகக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது செல்லப்பெயர் விஷயம் அல்ல, துன்புறுத்தல். அங்கே காத்திருக்க வேண்டாம். எந்தப் பெயர், யார், எப்போது, எத்தனை முறை என்று எழுதி எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் பேசுங்கள். "பொறுத்துக்கோ" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுப் பெயரை வெளியே கொண்டுபோவது

வீட்டில் இனிக்கும் பெயர் பள்ளி வாசலில் இனிக்காது. ரோமப் பேரரசர் கலிகுலாவின் உண்மைப் பெயர் காயுஸ். தந்தை படைத்தலைவர். குழந்தைக்குச் சிப்பாய் உடையும் சின்ன பூட்ஸும் போட்டுவிட்டு முகாமில் நடக்கவிட்டார்கள், வீரர்கள் ஆசையோடு 'குட்டி பூட்ஸ்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். கி.பி. 37இல் பேரரசரான பிறகு அப்படிக் கூப்பிடுவதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார் என்று அவர் காலத்திலேயே வாழ்ந்த செனெகா எழுதியிருக்கிறார். மூன்று வயதுக்குப் பொருந்திய பெயர் அது.

படிவங்களிலும் ஆசிரியரிடமும் சொல்லும் பெயர் பிள்ளை கேட்கும் பெயராக இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது வேறு, எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் படத்தோடு சேர்த்து எழுதுவது வேறு. அங்கே போட்ட பெயர் பிள்ளை வளர்ந்த பிறகும் தேடினால் கிடைக்கும்.

பிள்ளைக்குப் பிடித்த பெயரை நாம் பிடுங்குவது

இங்கிலாந்து ராணி எலிசபெத் சின்ன வயதில் தன் பெயரைச் சொல்ல வராமல் 'லிலிபெட்' என்று சொன்னார். குடும்பத்தாருக்கு அவர் கடைசிவரை லிலிபெட்தான். 2021இல் பிறந்த கொள்ளுப்பேத்திக்கு அதையே பெயராக வைத்தார்கள். பெற்றோர் யோசித்து வைத்த பெயர் நாணயத்தில் இருந்தது, தவறிப் பிறந்த பெயர் வீட்டுக்குள் இருந்தது. இரண்டுக்கும் இடம் இருந்தது.

மகளுடைய ஏற்பாடும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான். போன வருடம் அவளாகவே ஒரு விதி போட்டாள். பள்ளியில் முழுப் பெயர், நண்பர்கள் யாருக்கும் அந்த இரண்டெழுத்து தெரியக் கூடாது, பாட்டி கூப்பிடலாம், தம்பி கூப்பிடலாம். நான்? "நீ வேண்டாம்மா. நீ எப்பவும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடு" என்றாள்.

தம்பிக்கு 9 வயதாகிறது. ழகரம் அவனுக்கு எப்போதோ சுத்தமாக வந்துவிட்டது. ஆனாலும் மாடியிலிருந்து அவளைக் கூப்பிடும்போது அதே இரண்டெழுத்துதான் வருகிறது, அவளும் "என்னடா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுகிறாள்.